வாசகர் கேள்வி – பதில்: கோல்ஃப் டிரைவரில் எத்தனை டிகிரி?

கேள்வி: என் ஸ்விங் வேகம் மணிக்கு 92 மைல். லாஃப்ட் (பந்தில் படும் முகப்பின் சாய்வு) குறைந்தால்தான் பந்து தூரம் போகும் என்று சொன்னதைக் கேட்டு 9 டிகிரி டிரைவர் (தூரமாக அடிப்பதற்கான நீளமான கோல்ஃப் மட்டை, அதாவது கிளப்) வாங்கினேன். பந்து தாழ்வாகப் பறந்து சீக்கிரமே தரைக்கு வந்துவிடுகிறது. 10.5-க்கு மாறலாமா, ஒரேயடியாக 12-க்குப் போகலாமா?

பதில்: மாறத்தான் வேண்டும். 9 டிகிரி உங்கள் வேகத்துக்குப் பெரும்பாலும் போதாது. லாஃப்ட் குறைந்தால் பந்தின் வேகம் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பந்தைக் காற்றில் தாங்கிப்பிடிக்க உயரமும் ஓரளவு சுழற்சியும் தேவை. 110 மைலுக்கு மேல் வீசுபவருக்குத் தாழ்வான கோணத்திலேயே அது கிடைத்துவிடும். 92 மைலில் கிடைக்காது.

வேகத்தை மட்டும் வைத்துத் தொடங்குவதென்றால் கணக்கு ஏறக்குறைய இப்படி: 85 மைலுக்குக் கீழே 12 டிகிரியோ அதற்கு மேலோ, 85 முதல் 95 வரை 10.5 முதல் 12. 95 முதல் 105 வரை 9.5 முதல் 10.5. அதற்கு மேல் வீசுபவர்கள் 8.5, 9 என்று இறங்கலாம்.

இது தொடக்கம் மட்டுமே. ஒரே வேகம், ஒரே 10.5 டிரைவர் உள்ள இரண்டு பேருக்குக்கூட பந்து வேறு வேறு மாதிரி பறக்கும். கிளப் தலை பந்தை மேலிருந்து இறங்கிவந்து அடிக்கிறதா, ஏறிக்கொண்டே அடிக்கிறதா என்பதுதான் காரணம். முதல் ஆள் 4 டிகிரி இறக்கத்தில் அடிக்கிறார். அடிபடும் நொடியில் ஃபேஸ் (கிளப் தலையின் முகப்பு) காட்டும் லாஃப்ட் 12 டிகிரி என்று வையுங்கள். இரண்டாமவர் 3 டிகிரி ஏற்றத்தில் அடிக்கிறார். ஃபேஸ் காட்டுவது 14 டிகிரி. டிரைவரில் பந்து எழும் கோணத்தில் சுமார் 85 சதவீதத்தை ஃபேஸும், மீதி 15 சதவீதத்தைத் தாக்கும் கோணமும் தீர்மானிக்கின்றன. அப்படிப் பார்த்தால் முதல் ஆளின் பந்து 9.6 டிகிரியில் எழும், இரண்டாமவருடையது 12.3 டிகிரிக்குச் சற்று மேலே. சுழற்சியைத் தருவது ஃபேஸ் காட்டும் லாஃப்டுக்கும் தாக்கும் கோணத்துக்கும் உள்ள இடைவெளி. முதல் ஆளுக்கு அது 16, இரண்டாமவருக்கு 11. அதாவது தாழ்வாக எழும் பந்துதான் அதிகமாகச் சுழல்கிறது! அதில் பறக்கும் தூரமும் குறைகிறது, விழுந்தபின் உருளும் தூரமும் குறைகிறது.

தொழில்முறைச் சுற்றுப் போட்டிகளில் ஆடும் ஆண்களைப் பார்த்து லாஃப்டை முடிவு செய்பவர்களுக்கு ஒரு விஷயம். பந்தின் பறத்தலை ரேடாரால் அளக்கும் கருவிகளைச் செய்யும் ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்டு வெகுநாளாகப் புழங்கும் சராசரிகளில், ஆண்களின் கிளப் வேகம் 113 மைல், பந்து எழும் கோணம் 10.9. பெண்களின் வேகம் 94 மைல், எழும் கோணம் 13.2, அவர்கள் 3 டிகிரி ஏற்றத்தில் அடிக்கிறார்கள். 92 மைலில் வீசும் நீங்கள் பார்த்துப் பின்பற்ற வேண்டியது பெண்களைத்தான்.

எனவே, ஏறிக்கொண்டே அடிப்பவராக இருந்தால் 10.5, சமமாகவோ இறங்கியோ அடிப்பவராக இருந்தால் 12. இதை அறிய கருவி இல்லையென்றால், பந்துக்கு ஒரு அடி முன்னால், அடிக்கும் திசையில், பந்து வரும் சின்ன அட்டைப்பெட்டி ஒன்றைக் காலியாக வைத்து அடித்துப் பாருங்கள். கிளப் தலை பெட்டியைத் தட்டிக்கொண்டு போனால் நீங்கள் இறங்கித்தான் அடிக்கிறீர்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். பந்து கிளம்பும்போது தாழ்வாக இருக்கிறது, பாதி வழியில் ஜிவ்வென்று மேலேறி, நின்று, அப்படியே கீழே விழுகிறது. லாஃப்டைக் குறைக்கட்டுமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். தாழ்வாகக் கிளம்பிப் பின்னால் ஏறுகிறது என்றாலே அது சுழற்சிக் கோளாறு. லாஃப்டைக் குறைத்தால் இன்னும் தாழ்வாகக் கிளம்பும். இறங்கி அடிக்கும் பழக்கம் அப்படியே இருக்கும்.

முதலில் பந்து ஃபேஸில் எங்கே படுகிறது என்று பாருங்கள். பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை ஃபேஸ் முழுக்க மெல்லிசாகப் பூசி, 10 பந்து அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் வட்டமாக ஒரு தடம் விழும். தடங்கள் மையத்துக்குக் கீழே கூடியிருந்தால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. டிரைவர் ஃபேஸ் மேலிருந்து கீழாக வளைந்திருக்கிறது. அந்த வளைவின் ஆரம் 12 அங்குலம் என்று வைத்தால், மையத்திலிருந்து அரை அங்குலம் இறங்கினாலே லாஃப்ட் 2.4 டிகிரி குறைகிறது. கூடவே, கீழே அடிபட்டதும் கிளப் தலை கொஞ்சம் முன்பக்கம் சாய்கிறது. அது பல்சக்கரம் போலப் பந்தின் பின்சுழற்சியைக் கூட்டுகிறது. நீங்கள் சொல்லும் பறத்தல் அச்சு அசலாக இதுதான். மையத்துக்குச் சற்று மேலே பட்டால் எல்லாம் தலைகீழ்: உயரமாகக் கிளம்பும், குறைவாகச் சுழலும்.

சரிசெய்வது எளிது. கிளப்பைத் தரையில் வைத்தால் அதன் மேல்விளிம்புக்கு மேலே பாதிப் பந்து தெரியுமளவு டீயை (பந்தை ஏற்றிவைக்கும் சிறு குச்சி) உயர்த்துங்கள். பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேரே வையுங்கள், பின்பக்கத் தோள் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். டீயை உயர்த்தியதும் கிளப்பின் தலைமேல் பெயின்ட் கீறல் விழத் தொடங்கினால் இறங்கி அடிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்; டீயைத் திரும்ப இறக்காமல் ஸ்விங்கைக் கவனியுங்கள். தடங்கள் மையத்திலேயே விழுந்தும் பந்து அப்படியே ஏறினால், அப்போது லாஃப்டை ஒரு டிகிரி குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) மாட்டும் இடத்தில் திருப்பி லாஃப்டை 1.5 டிகிரி கூட்டினேன். இப்போது பந்தெல்லாம் இடப்பக்கம் போகிறது. நான் வலது கை ஆட்டக்காரன்.

பதில்: அந்த அமைப்பில் லாஃப்டைக் கூட்டினால், கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஃபேஸ் இடப்பக்கம் மூடிக்கொள்ளும், குறைத்தால் திறக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. நேராக அடிப்பவருக்கு 10.5-ஐத் திருப்பி 12 ஆக்குவதைவிட, 12 என்றே வார்த்த தலை நல்லது. வலப்பக்கம் வளைத்து அடிப்பவருக்கோ அந்த மூடல் இலவச மருந்து.

திருகும்போது உடன் வந்த சாவி 'க்ளிக்' என்று சத்தமிடும் வரை முறுக்குங்கள், அதோடு நிறுத்துங்கள். இதெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சுற்று நடக்கும்போது அமைப்பை மாற்றி அந்தக் கிளப்பால் ஒரு அடி அடித்தாலும் கோல்ஃப் விதி 4.1-இன்படி தகுதி நீக்கம். அடிப்பதற்கு முன் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டால் தண்டனை இல்லை.

கேள்வி: லாஃப்ட் கூடினால் ஸ்லைஸ் (வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து போவது) குறையுமா?

பதில்: குறையும், போகாது. பின்சுழற்சி அதிகமாகும்போது, ஃபேஸ் அதே அளவு திறந்திருந்தாலும் பந்து சுழலும் அச்சு குறைவாகவே சாய்கிறது. 9-லிருந்து 12-க்குப் போகிறவர் வளைவு சுருங்குவதைக் கண்ணாலேயே பார்ப்பார்.

கேள்வி: சோதனைக்குக் கொடுத்த 10.5 டிரைவர் அருமையாக இருந்தது. அதே மாடலைப் புதிதாக வாங்கினால் உயரமாகப் போகிறது. என் ஸ்விங்கா மாறிவிட்டது?

பதில்: ஸ்விங்கைச் சந்தேகிக்கும் முன் தலையைச் சந்தேகியுங்கள். அச்சிட்ட எண்ணுக்கும் உண்மையான லாஃப்டுக்கும் ஒரு டிகிரி வரை வித்தியாசம் இருப்பது சகஜம். 10.5 என்று எழுதியது 11.5 ஆக இருக்கலாம். கிளப் பழுதுபார்க்கும் இடத்தில் இரண்டு தலைகளையும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஒப்பிட்டு அடிப்பதென்றால் இரண்டுக்கும் ஒரே வகைப் பந்து வேண்டும். பயிற்சித் திடலின் தேய்ந்த பந்தும் புதுப் பந்தும் கலந்தால் எதுவும் புரியாது. இனி வாங்கும்போது, கிடைத்தால் நீங்கள் அடித்துப் பார்த்த அந்தத் தலையையே கேட்டு வாங்குங்கள்.