வறுமையைப் பற்றி அதிகம் பேசப்படாத நல்ல புத்தகங்கள் எவை? கதையானாலும் சரி, கட்டுரையானாலும் சரி

'அதிகம் பேசப்படாத' என்று கேட்டிருப்பதால் எல்லாப் பட்டியலிலும் வரும் பெயர்களை விட்டுவிடுகிறேன். அப்புறம் ஒன்று, கண்ணீர் பிழியும் கதைகளோடு எனக்கு அவ்வளவாக ஒட்டுதல் கிடையாது. கையில் இருக்கிற காசு எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது, எந்தச் செலவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது என்பதைச் சொல்லாத புத்தகத்தில் ஏழைகளுக்கு முகம் இருக்கும், மூளை இருக்காது. அதனால் கீழே நான் சொல்பவற்றில் பெரும்பாலானவை கிட்டத்தட்ட கணக்கு நோட்டுகள்தான்.

முதலில் மாட் பெம்பர் ரீவ்ஸ் எழுதிய 'ரவுண்ட் அபவுட் எ பவுண்ட் எ வீக்', 1913. லண்டனின் லாம்பெத் பகுதியில் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு வருமானத்தில் குடும்பம் நடத்திய பெண்களிடம் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிச அமைப்பின் பெண்கள் வாராவாரம் போய் வரவு செலவை எழுதி வாங்கினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கணவரோ பிள்ளையோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வசதியானவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, சோற்றுக்கே இழுபறியாக இருக்கும்போது பிள்ளைகளின் ஈமச்சடங்குக்கு எதற்காக வாராவாரம் காப்பீடு கட்டுகிறார்கள், அந்தக் காசில் பால் வாங்கலாமே என்பது. ரீவ்ஸ் இதற்கு வாதம் எதுவும் செய்யாமல் இறந்துபோன ஒரு குழந்தையின் சாவுச் செலவை வரிவரியாக எடுத்துப்போடுகிறார் (அப்போது 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு): அடக்கத்துக்கு 32 ஷில்லிங், குழி வெட்டியவர்களுக்கு 2 ஷில்லிங், பூவுக்கு 6 பென்ஸ், அப்பாவுக்குக் கறுப்பு டை 1 ஷில்லிங், இப்படியே போய் மொத்தம் 2 பவுண்டு 1 ஷில்லிங் 9 பென்ஸ். குழந்தையின் பேரில் இருந்த காப்பீடு 2 பவுண்டு. காப்பீடு இல்லாத வீட்டில் இந்தத் தொகையைக் கடன் வாங்க வேண்டும், கடனை மிச்சமிருக்கும் பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்துதான் அடைக்க வேண்டும், இல்லையென்றால் அநாதைப் பிணத்தைப் போல ஊர்ச்செலவில் புதைக்கக் கொடுத்துவிட வேண்டும். 'கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் மலிவாச்சே' என்ற அறிவுரைக்கும் ஒரு பதில் இருக்கிறது, பால் சர்க்கரை இல்லாமல், இருக்கிற ஒரே பழைய பாத்திரத்தில் அடிப்பிடித்த கஞ்சியைப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள் என்று. ஏழைகளுக்குச் செலவு செய்யத் தெரியாது என்று சொல்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை, இந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இதே வேலையை நம் காலத்தில் செய்தது 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்' (2009). இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா மூன்றிலும் 250-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பணப் போக்குவரத்தை ஓராண்டு காலம் குறித்து வைத்தார்கள். தலைப்பைப் பார்த்து வங்கிக்காரர்கள் படிக்கும் புத்தகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், நடையில் கொஞ்சம் வறட்சி உண்டு, ஆனால் விஷயம் கெட்டி. வருமானம் குறைவு என்பது பாதிப் பிரச்சினைதான், அது எந்த நாளில் எவ்வளவு வரும் என்று தெரியாதது மீதிப் பாதி என்பதை இதைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். எழுதிய நால்வரில் ஒருவரான ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட் அதற்கு முன்பே 'தி புவர் அண்ட் தெயர் மணி' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தார். அதில் வரும் ஒரு கணக்கு: விஜயவாடா குடிசைப் பகுதியில் ஒரு பெண் வீடு வீடாகப் போய் தினம் 5 ரூபாய் வாங்குவார், 220 தடவை வாங்கி 1,100 ரூபாய் சேர்ந்ததும் 1,000 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு 100 ரூபாயைத் தன் கூலியாக எடுத்துக்கொள்வார். அதாவது சேமிக்கிறவரே வட்டி கட்டுகிறார், ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 30 சதவீதம்! முட்டாள்தனம் மாதிரித் தெரியும். ஆனால் கையில் காசு நிற்காத வீட்டில், வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்திருந்து மொத்தமாகத் தரும் ஒரு ஆளுக்கு அந்த 100 ரூபாய் தகும்.

இனி உள்ளேயிருந்து வந்த குரல். கரோலினா மரியா டி ஜீசஸ், பிரேசிலின் சாவோ பாலோவில் கனிந்தே என்ற சேரியில் மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்தவர், பழைய காகிதம் பொறுக்கி விற்றுத்தான் பிழைப்பு. பொறுக்கிய நோட்டுகளிலேயே நாட்குறிப்பு எழுதினார், ஒரு பத்திரிகையாளர் கண்ணில் பட்டு 1960-இல் 'குவார்ட்டோ டி டெஸ்பேஜோ' என்று புத்தகமானது. மகளின் பிறந்தநாளில் தொடங்குகிறது. செருப்பு வாங்கித் தர ஆசை, காசில்லை, குப்பையில் கிடைத்த ஒரு ஜோடியைக் கழுவித் தைத்துப் போட்டுவிடுகிறார். பசி முற்றும்போது வானம், மரம், பறவை எல்லாம் மஞ்சளாகத் தெரிகின்றன, வயிற்றில் ஏதாவது விழுந்ததும் பழைய நிறம் திரும்புகிறது என்று எழுதுகிறார். எனக்கு இவரிடம் பிடித்தது இவர் நல்லவராக நடிப்பதில்லை என்பது. அக்கம்பக்கத்தாரை மட்டமாகப் பேசுவார், சண்டை வந்தால் 'உன்னையும் என் புத்தகத்தில் போட்டுவிடுவேன்' என்று மிரட்டுவார். புத்தகம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது, அவரோ 1977-இல் மறுபடியும் வறுமையில்தான் இறந்தார்.

நாவல் என்றால் ராபர்ட் டிரெசல். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர், 1911-இல் இறந்தார், 1914-இல் வெட்டிச் சுருக்கி வெளியான 'தி ராகட் டிரவுசர்ட் பிலாந்த்ரபிஸ்ட்ஸ்' 1955-இல்தான் முழுசாக வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரொட்டித் துண்டுகளையும் கத்திகளையும் வைத்து லாபம் எப்படி உண்டாகிறது என்று ஒரு தொழிலாளி சக தொழிலாளிகளுக்கு விளக்கும் அத்தியாயம் ஒன்றுக்காகவே படிக்கலாம். மற்றபடி நீளம், பொறுமை வேண்டும்.

தமிழில் இரண்டு. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953), நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன கைத்தறி நெசவாளர்களின் கதை, செக் மொழிக்கெல்லாம் போயிருக்கிறது, இங்கேதான் பேச்சைக் காணோம். பிரச்சார வாடை கொஞ்சம் தூக்கல். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இலக்கிய வட்டத்தில் தெரிந்த பெயர்தான், ஆனாலும் சாதி நாவல் என்று மட்டுமே பேசி முடித்துவிடுகிறார்கள். ஆரோக்கியம் என்ற வண்ணாத்திக்குக் கூலி காசாக வருவதில்லை, தானியமாகவும் வீடு வீடாக எடுக்கும் சோறாகவும் வருகிறது. அந்தக் கூலியைப் பேரம் பேச முடியாது, குறைந்தால் கேட்கவும் முடியாது, கொடுப்பவர்களும் ஏழைகளே. காலம் மாற மாற அது எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே படித்துப் பாருங்கள், வேறு நாவலாகத் தெரியும்.

தமிழில் மட்டும் படிப்பவர் என்றால் இமையத்திலிருந்தே தொடங்குங்கள். ஆங்கிலம் ஓடும் என்றால் ரீவ்ஸ், காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல் என்பதால் இணையத்தில் காசில்லாமலே கிடைக்கும், கரோலினாவை ஆங்கிலத்தில் 'சைல்ட் ஆஃப் தி டார்க்' என்று தேடுங்கள்.