பக்கெட்டில் 8 செ.மீ., பேப்பரில் 52 மி.மீ.: எந்த மழைக் கணக்கு சரி?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பில்டிங் மொட்டை மாடியில் பக்கெட் வைத்து மழையை அளக்கிறேன். போன வாரம் ஒருநாள் ஸ்கேல் விட்டுப் பார்த்தால் 8 செ.மீ. நின்றது. பேப்பரில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 52 மி.மீ. என்று போட்டிருந்தார்கள், அதுவும் மிதமான மழையாம்! அன்றைக்குக் குர்லாவில் தண்டவாளம் மூழ்கி, வீடு வந்து சேர நாலு மணி நேரம் ஆயிற்று. போனில் இருக்கும் ஆப்போ லேசாகப் பிடித்தாலே பலத்த மழை என்கிறது. இதற்கு நடுவில் அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா, இங்கே 12தான், உங்க ஊர்ல 52 பெய்திருக்கே என்று பயப்படுகிறார். யாரைத்தான் நம்புவது?"

முதலில் அம்மாவுக்குப் போன் போடுங்கள். தமிழ்நாட்டுச் செய்திகளில் மழையைப் பெரும்பாலும் செ.மீ. கணக்கில் சொல்வார்கள், மும்பையில் மி.மீ. அவர் சொன்ன 12 என்பது 120 மி.மீ., அதாவது உங்கள் மழையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவரை நினைத்துப் பயப்பட வேண்டியவர் நீங்கள்தான்.

அடுத்து பக்கெட். பக்கெட்டுக்கு வாய் அகலம், அடி குறுகல். அகலமான வாயில் விழுந்த மழை முழுக்க குறுகலான அடியில் போய் நிற்பதால், ஸ்கேல் எப்போதுமே கூட்டித்தான் காட்டும். கடையில் வாங்கும் வழக்கமான பக்கெட்டுக்கு வாய் 30 செ.மீ., அடி 22, உயரம் 30 என்று வைத்துக்கொண்டால், அதில் 8 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 3.3 லிட்டர். அதை வாயின் பரப்பான 707 சதுர செ.மீ.யால் வகுத்தால் 4.7 செ.மீ. வருகிறது, அதாவது 47 மி.மீ. பேப்பரில் வந்த 52-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டீர்கள், பாருங்கள். ஆக, ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அளவு போட்ட மக்கில் தண்ணீரை ஊற்றி எத்தனை மி.லி. என்று பாருங்கள், வாய் 30 செ.மீ. பக்கெட்டாக இருந்தால் ஒவ்வொரு 70 மி.லி.யும் ஏறக்குறைய 1 மி.மீ. மழை. வானிலைத் துறையின் சாதாரண மழைமானியும் இதே கதைதான்: 100 அல்லது 200 சதுர செ.மீ. வாய் உள்ள புனல், அடியில் சேகரிக்கும் பாத்திரம், காலையில் ஒருவர் வந்து அளவு ஜாடியில் ஊற்றிப் பார்ப்பார்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பக்கத்தில் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள், தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் உள்ளே விழாதபடி ஒரு ஸ்டூல் மேல் வைத்து, காற்றுக்கு விழாமல் வெளியே செங்கல் முட்டுக் கொடுங்கள். பால்கனியில் வைப்பது சுத்த வேஸ்ட்.

சரி, எது கனமழை? இந்திய வானிலைத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை. 64.5-இல் கனமழை தொடங்குகிறது, 115.6-இல் மிக கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. 2.5 மி.மீ. கூடப் பெய்யாவிட்டால் அதை மழை நாள் என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் ஒரு லிட்டர். 2,000 சதுர அடி மொட்டை மாடியில் 65 மி.மீ. பெய்தால் சுமார் 12,000 லிட்டர், ஒரு டேங்கர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30-இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. விடிகாலை 4 மணிக்குப் பிடித்த மழை மதியம் 1 மணி வரை 110 மி.மீ. கொட்டினாலும், 8.30-க்கு முன்னால் 50, பின்னால் 60 என்று பிரிந்துவிட்டால் இரண்டு நாளுமே "மிதமான மழை"தான்! 2005 வெள்ளத்தில் சாந்தாகுரூஸில் பதிவான 944 மி.மீ. கூட, ஜூலை 26-ஆம் தேதி பெய்த மழையாக இருந்தும், ஏட்டில் ஏறியது 27-ஆம் தேதி காலைக் கணக்கில். அதே 24 மணி நேரத்தில் இருபது இருபத்தைந்து கி.மீ. தள்ளியிருக்கும் கொலாபாவில் 75 மி.மீ. கூடப் பெய்யவில்லை. அதனால்தான் "மும்பையில் இவ்வளவு மழை" என்று யாராவது சொன்னால் எந்த மானியில் என்று முதலில் கேட்கிறேன். செம்பூருக்கு இரண்டுமே அடுத்த தெரு இல்லை. மாநகராட்சி வார்டு வாரியாக வைத்திருக்கும் தானியங்கி மானிகளில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்.

இப்போது உங்கள் நாலு மணி நேரத்துக்கு வருவோம். 52 மி.மீ. நாள் முழுக்க நின்று நிதானமாகப் பெய்திருந்தால் நீங்கள் குடையோடு நடந்தே ஸ்டேஷன் போயிருப்பீர்கள். அதே 52 ஒரே மணி நேரத்தில் கொட்டினால் கதையே வேறு. மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கத்தான் கட்டப்பட்டவை, அதுவும் கடல் இறங்கியிருக்கும்போது. அதை 50 ஆக்கும் வேலை 2005-க்குப் பிறகுதான் சூடு பிடித்தது. கடல் ஏறி நிற்கும் நேரமானால் தண்ணீர் தானாக வெளியேறவே வழியில்லை, பம்ப் போட்டு இறைத்தால்தான் உண்டு. ஏட்டில் மிதமான மழை என்று இருந்தாலும் தாழ்வான பகுதிகளான கிங்ஸ் சர்க்கிளும் ஹிந்த்மாதாவும் குளமாவது இதனால்தான். நாள் கணக்கை மட்டும் தலைப்பில் போடும் பேப்பர்கள்மேல் எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு.

உங்கள் ஆப் பொய் சொல்லவில்லை, அது பார்ப்பது பெரும்பாலும் மணிக் கணக்கு. அமெரிக்க வழக்கப்படி மணிக்கு 7.6 மி.மீ.யைத் தாண்டினாலே பலத்த மழை. பத்து நிமிடம் அந்த வேகத்தில் பெய்து நின்றுவிட்டால் 1.3 மி.மீ.கூடத் தேறாது. அப்புறம் எச்சரிக்கையில் "ஓரிரு இடங்களில் கனமழை" என்று வந்தால், அந்தப் பகுதி மானிகளில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கில் பெய்யலாம் என்றுதான் பொருள். உங்கள் தெரு காய்ந்து கிடந்தால் வானிலைக்காரரைத் திட்டாதீர்கள்.

ஹார்பர் லைன் ரயிலில் போய்வரும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். காலையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் ஏறுகிறது, பக்கத்து மானியில் கடைசி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பெய்தது. கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாள்களின் பட்டியலை மாநகராட்சி பருவமழைக்கு முன்பே வெளியிட்டுவிடும், அதை ஃபிரிஜ் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தை ஒட்டி மணிக்கு 20, 25 மி.மீ. என்று தொடர்ந்து பெய்தால், எந்தக் கலர் எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும், கடல் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஆபீஸிலிருந்து கிளம்பிவிடுங்கள். குர்லாவிலும் சுனாபட்டியிலும் தண்ணீர் ஏறிய பிறகு ஆட்டோகூடக் கிடைக்காது.