மசாய் மாராவில் ஒரு கூடாரத்துக்கு ஏன் இத்தனை விலை?

கேள்வி: எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு ஆகஸ்ட் மாதம் கென்யா போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், என் அம்மா. அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. மூவருமே சைவம். டிராவல்ஸில் நான்கு இரவுகளுக்கு இரண்டு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, மசாய் மாரா ரிசர்வுக்கு உள்ளேயே நீச்சல் குளத்தோடு பெரிய லாட்ஜ். இன்னொன்று, ரிசர்வுக்கு வெளியே ஏதோ 'கன்சர்வன்சி'யாம், அதில் பத்தே பத்து டென்ட். குளம் இல்லை, டிவி இல்லை, ஆனால் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெளியே தங்குவதற்கு ஏன் அதிகப் பணம்? எதை எடுப்பது?
– கோவையிலிருந்து ஒரு வாசகி

பதில்: டென்டை எடுங்கள். நான்கு இரவுக்குப் பட்ஜெட் இடிக்கிறது என்றால் மூன்று இரவாகக் குறைத்துக்கொண்டாவது அதையே எடுங்கள். ஆனால் முன்பணம் கட்டும் முன்னால் அம்மாவை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. அங்கே போய்த் திரும்பும்போது நம் விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. சிக்கல் என்னவென்றால், இது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியில் செய்த ஊசி. அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். டாக்டர் வேண்டாம் என்றால் விலக்குக் கடிதம் தருவார். அதை ஏற்பதும் ஏற்காததும் அன்றைக்கு அங்கே இருக்கும் அதிகாரியின் கையில். பணம் முழுவதும் கட்டி முடித்த பிறகு இந்த விஷயம் தெரியவந்து பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது வேண்டாம்.

அம்மாவுக்கு ஊசி கூடாது என்று டாக்டர் சொன்னால் வருத்தப்படாதீர்கள், தென்னாப்பிரிக்காவுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த நாடு மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இல்லை. அதிலும் போட்ஸ்வானா எல்லையை ஒட்டிய மடிக்வே காப்பகத்தில் மலேரியாவும் கிடையாது. 1991-ல் தொடங்கிய அந்தக் காப்பகத்தில் சிறிய, அருமையான லாட்ஜுகள் பல இருக்கின்றன. போகும்போது வளைகுடா வழியாகப் போங்கள்; நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போனால் அதே ஊசிப் பிரச்சினை வேறு வாசலில் வந்து நிற்கும்.

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நம் ஊரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருப்பது. அறையைப் பார்த்து விலை பேசுவோம்: ஏசி உண்டா, வெந்நீர் வருமா, கட்டில் எப்படி. மாராவில் அப்படிப் பேசினால் ஏமாந்துபோவோம். அங்கே நீங்கள் வாங்குவது நிலத்தை. காலையில் கண் விழித்ததும் எதிரே எவ்வளவு புல்வெளி, அதில் உங்களோடு சேர்த்து எத்தனை வண்டி, இந்த இரண்டுக்கும்தான் விலை. கட்டிலும் தலையணையும் அதற்குப் பிறகு.

மசாய் மாரா தேசியக் காப்பகம் 1,510 சதுர கிலோமீட்டர். நரோக் கவுன்டி அரசு நடத்துவது. நுழைவுக் கட்டணம் கட்டிய யாரும் போகலாம். அதைச் சுற்றி வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் நிலம் மசாய் குடும்பங்களுக்குப் பட்டா உள்ள சொந்த மண். அந்தக் குடும்பங்கள் தங்கள் துண்டு நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, வேலி போடாமல், முகாம் நடத்துபவர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கின்றன. அதற்குப் பெயர்தான் கன்சர்வன்சி. ஓல் கின்யே 2005-ல் வந்தது, மாரா நார்த் 2009-ல், நபோய்ஷோ 2010-ல். நபோய்ஷோவில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள். பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் குத்தகைப் பணம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் அங்கே வேலி எழவில்லை, நிலம் கோதுமை வயலாகவில்லை, சிங்கமும் யானையும் ரிசர்வுக்கும் இதற்கும் இடையில் தடையில்லாமல் போய்வருகின்றன. உங்கள் பில்லில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கன்சர்வன்சிக்குத்தான் ஆட்களை அனுப்புவேன்.

அங்கே எத்தனை படுக்கை போடலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஓலாரே மோட்டோரோகி கன்சர்வன்சியில் ஒரு டென்டுக்கு 700 ஏக்கர் என்பது கணக்கு. உங்கள் கொட்டேஷனில் இருப்பது போலப் பத்து டென்ட் என்றால் 7,000 ஏக்கர். அவ்வளவு நிலத்தின் செலவைப் பத்தே டென்டுகள் சுமக்கின்றன. விலை இரண்டு மடங்காவது இங்கேதான்.

இதனால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஓர் ஆகஸ்ட் காலை, ரிசர்வுக்குள் ஒரு சிவிங்கிப்புலி கரையான் புற்றின் மேல் ஏறி நின்றிருந்தது. நாங்கள் போனபோது மூன்றாவது வண்டி. இருபது நிமிடத்தில் எண்ணினேன், இருபத்தேழு. தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த சிறுமான்களைக் குறிவைத்து அது இறங்கி நடந்தது. நடந்த பக்கமெல்லாம் வண்டிகள் முன்னால் போய் மறித்தன. மூன்று முறை திசை மாற்றிப் பார்த்துவிட்டு வேட்டையைக் கைவிட்டுப் புல்லில் படுத்துக்கொண்டது. பார்க்கவே மனது கஷ்டப்பட்டது. இரண்டு நாள் கழித்து கன்சர்வன்சியில் இன்னொரு சிவிங்கிப்புலி, மூன்று குட்டிகளோடு. எங்கள் வண்டியைத் தவிர ஒரே ஒரு வண்டி. கைடு தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டார். சத்தம் அடங்கியதும், குருவி கத்துவது போல ஒரு மெல்லிய ஓசை. சுற்றிலும் பறவையைத் தேடினேன். "குட்டிகள்தான் தாயைக் கூப்பிடுகின்றன" என்றார் கைடு. மறுபடி இன்ஜினைப் போடவே இல்லை, ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

கன்சர்வன்சியில் இரவுச் சவாரி உண்டு, ரிசர்வில் கிடையாது. பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கி ஓட்டவும், கைடோடு நடந்து போகவும் அனுமதி உண்டு. நடப்பது அம்மாவுக்கு ஆகாது; நீங்கள் இருவரும் போகலாம்.

ஒரு விதிவிலக்கு. பெரிய லாட்ஜ் மாரா ஆற்றுக்கு மேற்கே, 'மாரா முக்கோணம்' என்ற பகுதியில் இருந்தால் என் பேச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வேன். அந்தப் பகுதியை 2001 முதல் ஒரு தொண்டு நிறுவனம் நிர்வகிக்கிறது. வண்டி நெரிசலைக் கட்டுப்படுத்துவதில் கண்டிப்பு அதிகம். அதன் மேல் விளிம்பில், மலைச்சரிவின் உச்சியில், 2015-ல் திறந்த அங்காமா மாரா போன்ற இடங்கள் விலையிலும் காட்சியிலும் உச்சம்.

இப்போது பணம். இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரிசர்வ் நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 முதல் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். மூன்று பேர், நான்கு நாள்: 2,400 டாலர், இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். மலிவாகத் தெரியும் லாட்ஜ் கொட்டேஷனில் இதைத் தனியாகக் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பார்கள், அல்லது போட்டே இருக்க மாட்டார்கள். சிறிய முகாம்களில் பெரும்பாலும் கன்சர்வன்சிக் கட்டணம், மூன்று வேளைச் சாப்பாடு, காலை மாலைச் சவாரி, துணி துவைப்பது, விமானத் தளத்திலிருந்து கூட்டி வருவது எல்லாம் ஒரே தொகையில் அடங்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 'இரண்டு மடங்கு' என்பது கணிசமாக இறங்கிவிடும். ஒன்றே ஒன்று, விலை அறைக்கு அல்ல, ஆளுக்கு. அம்மாவுக்குத் தனி டென்ட் என்றால் தனியாள் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று பேர் தங்கும் குடும்ப டென்ட் இருந்தால் அதுதான் நல்லது.

மாரா ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனக் கூட்டத்துக்காகத்தான் ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் பக்கத்து நாடான தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி வரும் பருவம்தான் அது. ஆனால் எந்த நாள், எந்தத் துறையில் கடக்கும் என்று எவராலும் உறுதி தர முடியாது. உறுதி தரும் ஏஜென்டை நம்பாதீர்கள். முகாமிலிருந்து ஒரு முழுநாள் மட்டும் ரிசர்வுக்குள் ஆற்றங்கரைக்குப் போங்கள், அந்த ஒரு நாளுக்கு மட்டும் நுழைவுக் கட்டணம் கட்டுங்கள்.

கைடைப் பற்றி ஏஜென்டிடம் கட்டாயம் கேளுங்கள். கென்யாவில் சஃபாரி கைடுகளின் சங்கம் 1996 முதல் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரம் கொடுக்கிறது. "எங்களோடு வருபவர் எந்தத் தரம்?" என்று எழுதிக் கேட்டால், நல்ல முகாம் உடனே பதில் சொல்லும். வெள்ளித் தரக் கைடு ஒருவர் கிடைத்தால் நீச்சல் குளம் இல்லாதது உங்களுக்கு நினைவுக்கே வராது.

அம்மாவுக்கு டென்ட் சரிப்படுமா என்ற பயம் இருக்கும். கான்வாஸ் சுவர்தான், ஆனால் உள்ளே முழுக் கட்டில், ஒட்டினாற்போல் கழிப்பறை, குளியலறை. பல முகாம்களில் குழாய் வெந்நீருக்குப் பதில் வாளிக் குளியல்: மாலையில் சொன்னால், டென்டுக்குப் பின்னால் உயரத்தில் கட்டிய வாளியில் இருபது லிட்டர் வெந்நீரை ஊற்றிவிட்டு வெளியிலிருந்தே குரல் கொடுப்பார்கள். ஒருவர் குளிக்கத் தாராளமாகப் போதும். மாரா 1,500 மீட்டருக்கு மேல் உள்ள பீடபூமி, ஆகஸ்ட் விடியற்காலை குளிரும். இரவு சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தால் போர்வைக்குள் கால்மாட்டில் ஏதோ வெதுவெதுப்பாகத் தட்டுப்படும். அது வெந்நீர்ப் பை. முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லி வையுங்கள். வேலி கிடையாது என்பதால் இருட்டிய பிறகு தனியாக வெளியே வரக் கூடாது. அஸ்காரி என்ற காவலர் டார்ச்சோடு வந்து அழைத்துப் போவார். எனவே சாப்பாட்டுக் கூடத்துக்கு மிக அருகில் உள்ள டென்டை இப்போதே எழுதிக் கேளுங்கள். வண்டிப் படி உயரம், ஏறுவதற்கு ஒரு முக்காலி வைக்கச் சொல்லுங்கள். நடுவரிசையில் உட்கார்ந்தால் குலுக்கல் குறையும். இரவில் மூச்சுக் கருவி போன்ற எதையாவது அம்மா பயன்படுத்துகிறார் என்றால், சூரிய மின்சாரத்தில் ஓடும் முகாமில் ராத்திரி முழுக்க மின்சாரம் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். அவசரத்துக்கு நைரோபிக்கு விமானத்தில் தூக்கிப் போகும் 'ஃப்ளையிங் டாக்டர்ஸ்' சேவைக்கான சந்தா விலையில் அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ரயில் பாதை போட்ட காலம் முதலே இந்தியர்கள் வாழும் நாடு அது. சப்பாத்தியும் சமோசாவும் இன்று கென்யர்களின் சொந்த உணவு. பச்சைப்பயறுக் குழம்பு, சோளமும் பீன்ஸும் சேர்ந்த கித்தேரி, 'மாலா' என்ற புளித்த பால் எல்லாம் கிடைக்கும். மாலாவைச் சோற்றில் ஊற்றினால் அம்மாவுக்கு மோர்ச்சாதம் ஆயிற்று. 'சைவம்' என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல், முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், சூப்பில் கோழிச்சாறு வேண்டாம் என்று விவரமாக எழுதுங்கள். பருப்புப்பொடி கொண்டுபோனால் சமையலறையில் கொடுத்து வையுங்கள். டென்டில் வைத்தால் குரங்குகள் ஜிப்பைத் திறந்து உள்ளே வந்துவிடும்.

மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய ஆறு மணி நேரம். முதல் இரவு நைரோபியில் தங்கி, மறுநாள் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் மாரா போங்கள். முக்கால் மணி நேரம்தான்; சாலையில் ஐந்தாறு மணி நேரம் அம்மாவின் முழங்காலுக்கு வேண்டாம். நைரோபியில் ஒட்டகச்சிவிங்கிகள் ஜன்னல் வழியாகத் தலை நீட்டும் ஜிராஃப் மேனரில் மொத்தமே பன்னிரண்டு அறைகள்தான், இந்நேரம் ஆகஸ்டுக்குக் கிடைப்பது கஷ்டம். பக்கத்திலேயே இருக்கும் ஜிராஃப் சென்டரில் சாதாரண டிக்கெட்டிலேயே அவற்றுக்கு உங்கள் கையால் தீனி கொடுக்கலாம்.

சிறு விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான், கைப்பையும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள், துணிப்பைதான் வேண்டும். பிளாஸ்டிக் கவர்களுக்கு 2017 முதல் கென்யாவில் தடை, அதனால் துணிகளை நம் வழக்கப்படி கவரில் சுற்றாதீர்கள். ராணுவத்தினர் அணிவது போலப் பச்சைத் திட்டுகள் போட்ட உடையும் கூடாது. விசாவுக்குப் பதிலாக இப்போது மின்னணுப் பயண அனுமதி. மூவருக்கும் தனித்தனியாக, கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.