கப்பலோடு தப்பியவர்

கேள்வி: அடிமையாக இருந்த ஒருவர் எதிரிகளின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பி, பிற்பாடு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார் என்று மதுரையில் நடந்த பேச்சுப் போட்டியில் ஒரு மாணவர் பேசியதாக என் மகள் வந்து சொன்னாள். இது நடந்ததா, மேடைக்காகக் கட்டிய கதையா?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: நடந்ததுதான். அவர் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1839-இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துப் பியூஃபோர்ட் நகரில் அடிமையாகப் பிறந்தவர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கூலிக்கு விடப்பட்டு, சம்பாதித்ததில் பெரும்பகுதியை எசமானரிடமே கொடுத்துவந்தார். அடிமை முறையை விடாத தென் மாநிலங்களுக்கும் வடபகுதிக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது, தென் மாநிலப் படையினருக்குத் தளவாடம் சுமந்த ‘பிளான்டர்’ என்ற நீராவிக் கப்பலில் சுக்கான் பிடிக்கும் வேலையில் இருந்தார்.

மேடையில் பேசுவோர் துணிச்சலைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு வியப்பளிப்பது அதற்குப் பின்னால் இருந்த பொறுமையான திட்டம். 1862 மே 13 அன்று விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையில் தங்கிவிட்ட வேளை பார்த்து, ஸ்மால்ஸும் மற்ற அடிமைகளும் கப்பலைக் கிளப்பினார்கள். வேறொரு துறையில் காத்திருந்த மனைவி ஹன்னாவையும் குழந்தைகளையும் மற்றவர்களின் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார்கள். காவலர்கள் தூரத்திலிருந்து பார்த்தால் கேப்டன் என்றே எண்ணும்படி, அவருடைய வைக்கோல் தொப்பியை ஸ்மால்ஸ் தலையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் ஊத வேண்டிய சங்கொலி முறை அவருக்கு அத்துபடி என்பதால், சம்டர் கோட்டையும் ஐயமின்றி வழிவிட்டது. பீரங்கிக் குண்டு எட்டாத தூரத்துக்கு வந்ததும் தென் மாநிலக் கொடியை இறக்கி வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றி, துறைமுகத்தை முற்றுகையிட்டிருந்த வடபகுதிக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பெண்களும் குழந்தைகளும் உட்பட 16 பேர் அன்று விடுதலை பெற்றார்கள். கப்பலில் இருந்த பீரங்கிகளும் வடபகுதியாருக்குக் கிடைத்தன.

பிறகு அதே கப்பலுக்குக் கேப்டனானார். வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த பழைய எசமானரின் வீட்டையும் வாங்கினார்.

ஆனாலும் உங்கள் மகள் இக்கதையை எங்காவது பேசுவதானால், கப்பலோடு நிறுத்த வேண்டாம். அடிமையாக இருந்த காலத்தில் எழுதப் படிக்க வாய்ப்பில்லாத அவர், 1868-இல் மாநில அரசியலமைப்பை வகுத்த மாநாட்டில் அமர்ந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாப் பொதுப்பள்ளி வேண்டும் என்று வாதாடினார். உங்கள் மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்ததை அறிந்தவர்களுக்கு, ஒதுக்கப்பட்டவர் சட்டம் வகுக்கும் இடத்துக்கு வருவது எவ்வளவு பெரிய செய்தி என்று விளக்கத் தேவையில்லை. 1875-இலிருந்து 1887 வரை, இடையிடையே பதவி இழந்தாலும், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஸ்மால்ஸ் பணியாற்றினார். 1877-இல் லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றார். அது அரசியல் பழிவாங்கல் என்பது அவர் தரப்பு வாதம். 1879-இல் மன்னிப்பு கிடைத்தது.

1895-இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதற்கென்றே மாநிலத்தில் புதிய அரசியலமைப்பு எழுதப்பட்டபோது, மாநாட்டில் மிகச் சிலராக இருந்த கறுப்பினப் பிரதிநிதிகளில் ஒருவராக எதிர்த்து வாதாடினார். வாதம் தோற்றது. 1915-இல் அவர் காலமானபோதும் அந்த அரசியலமைப்பு நடைமுறையில்தான் இருந்தது.