“உயிரே போகுது” என்றால் என்ன எடுத்துக்கொள்வது? அன்றாடப் பேச்சில் மிகையும் பிற அணிகளும்: கேள்வி பதில்

அணி என்றதும் செய்யுள்தான் நினைவுக்கு வரும். இங்கே வீட்டிலும் கடையிலும் மருத்துவமனையிலும் பேசுகிற தமிழை மட்டும் எடுத்துக்கொள்வோம். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

கேள்வி: ஐயா, “உனக்கு நூறு தடவை சொல்லிட்டேன்” என்பது உயர்வு நவிற்சி, அதாவது மிகைப்படுத்திச் சொல்வது என்கிறார்கள். நடந்தது நாலு தடவைதான் என்றால் அது பொய்தானே? இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் அளவைத் தேடுங்கள். உயர்வு நவிற்சி எண்ணிக்கை, நேரம், தூரம், எடை, வலி என்று ஏதாவது ஓர் அளவின் மேல்தான் ஏறி உட்காரும். இங்கே எண்ணிக்கை. அடுத்து அந்த அளவை இறக்கிப் பாருங்கள்: “உனக்குப் பல தடவை சொல்லிட்டேன்.” செய்தி அப்படியே நிற்கிறது, கோபம் மட்டும்தான் குறைந்தது. ஆகவே மிகை. பொய்யாக இருந்தால் அளவை இறக்கியதும் செய்தியே மாறிவிடும். ஐந்நூறு ரூபாய் கடனை “ஐயாயிரம் தரணும்” என்பவரிடம் இதைச் செய்து பாருங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் “சரியா எத்தனை தடவை?” என்று கேளுங்கள். மிகையாகச் சொன்னவர் அந்த எண்ணுக்காக வாதாட மாட்டார். பொய் சொன்னவர் எண்ணைக் காப்பாற்றப் பார்ப்பார். கேட்பவர் அதை அப்படியே நம்ப வேண்டும் என்று சொல்பவர் நினைக்கிறாரா இல்லையா என்பதுதான் கேள்வி. கீழே வரும் பல பதில்களுக்கும் அடிப்படை இதுவே.

எண்ணைப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். நூறு, ஆயிரம், லட்சம், கோடி, “ஆயிரத்தெட்டு வேலை” எல்லாம் மிகைக்கென்றே பழகிய எண்கள். “பதினேழு தடவை ஃபோன் பண்ணேன்” என்பவர் திரையைப் பார்த்து எண்ணியிருக்க வாய்ப்பு அதிகம். ஊரே, உலகமே, உயிரே என்ற ஏகாரமும் ஓர் அடையாளம். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. “வீட்லயே இருந்தேன்” என்பதில் மிகை கிடையாது. “சத்தியமா”, “நிஜமாவே” போன்ற சொற்களையும் நம்ப வேண்டாம். “சத்தியமா செத்துட்டேன்டா” என்றும் சொல்கிறோமே!

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். “துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு”: உவமையா, உயர்வு நவிற்சியா? ஒன்றைத்தான் எழுத வேண்டுமா?

பதில்: வடிவம் உவமை, அது செய்கிற வேலை உயர்வு நவிற்சி. தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என நான்கைச் சொல்கிறது. “புலி மாதிரி பாய்ஞ்சான்” வினை. துணிக்குவியல் மலை போல என்பது மெய், அதாவது வடிவம். ஒரே தொடரில் அணிகள் கலந்து வருவது பிழையே இல்லை. தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் சங்கீரணம் என்று ஒன்று உண்டு. பல அணிகள் சேர்ந்து வருவதற்கு அதுதான் பெயர். நாம் உயர்வு நவிற்சி என்பதை அந்நூல் அதிசயம் என்ற பெயரில் வைக்கிறது.

தேர்வில் போல, மாதிரி என்ற உருபு இருந்தால் உவமை என்று முதலில் எழுதி, ஒப்பீடு அளவை மிகைப்படுத்துகிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: “ஊரே சிரிக்குது” ஆகுபெயர் என்று படித்தோம். மிகை இல்லையா?

பதில்: இரண்டும்தான். ஊர் என்ற இடப்பெயர் அங்குள்ளவர்களைக் குறிப்பதால் இடவாகுபெயர். நாலு பேர் சிரித்ததை மொத்த ஊராக்கியதால் மிகை. “கிராமம் தேர்தலைப் புறக்கணித்தது” என்று செய்தியில் வந்தால் அது ஆகுபெயர் மட்டும். “ரெண்டு லிட்டர் குடுங்க”, “தலைக்கு அம்பது ரூபா” இவையும் ஆகுபெயரே. பழகிவிட்டதால் நாம் கவனிப்பதில்லை.

கேள்வி: கிளம்பவே இல்லாதவர் “இதோ வந்துட்டேன்” என்கிறார். இதற்கு இலக்கணம் இடம் கொடுக்கிறதா?

பதில்: கொடுக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று நன்னூல் ஏற்கிறது, காலவழுவமைதி என்போம். “இதோ வந்துட்டேன்” விரைவு. “அந்தக் கம்பியத் தொட்டே, செத்தே” என்பது தெளிவு. நடக்கப்போவது உறுதி என்பதால் இறந்தகாலம். பேசுபவருக்கு இது இயல்பு, காத்திருப்பவருக்குத்தான் சிரமம். “எப்ப வருவீங்க?” என்று கேட்டால் மறுபடி மிகைதான் வரும். “இப்ப எந்த இடத்துல இருக்கீங்க?” என்று கேளுங்கள். இடத்தின் பெயரில் மிகைக்கு வழி குறைவு.

கேள்வி: மருத்துவமனையில் பதிவுப் பகுதியில் வேலை செய்கிறேன். “தலை வெடிக்குது”, “உயிர் போகுது” என்று வருபவர்கள் நிறைய. எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது?

பதில்: மிகையைக் கண்டுபிடிக்கும் திறமை இங்கே ஆபத்தாகவும் முடியும். “இது சும்மா பேச்சு வழக்கு” என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். சொன்னதை அவர் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். “கடுமையான தலைவலி” என்று நீங்களாக மாற்றி எழுதினால் மருத்துவருக்குத் தேவையான தகவல் போய்விடும்.

பிறகு அணியைத் தாண்டிச் செல்லும் கேள்விகள்: 0 முதல் 10 வரை எண் போட்டால் வலி எவ்வளவு? எப்போது ஆரம்பித்தது? எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்குப் போனது? திடீரென்று வந்து ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொட்ட தலைவலி என்றால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அப்படிப்பட்டவருக்கு “வெடிக்குது” என்பது கிட்டத்தட்ட நேர்ப்பொருள். “நெஞ்சு அடைக்குது” என்பதும் அப்படித்தான். துக்கத்துக்கும் சொல்வோம், மாரடைப்பிலும் சொல்வோம். சொல்லை வைத்துப் பிரிக்கவே முடியாது. நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டே தொடங்குங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது எதிர்ப்பக்கம்: குறைத்துச் சொல்வது. வயதானவர்கள் பலர் “லேசா ஒரு மாதிரி இருக்கு, வேற ஒண்ணுமில்ல” என்பார்கள். அவர்களிடம் வலியின் அளவைக் கேட்டுப் பயனில்லை, செயலைக் கேளுங்கள். ராத்திரி தூங்கினீர்களா? படி ஏற முடிந்ததா? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? கூட வந்தவரையும் கேளுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் “ரொம்ப நல்லா இருக்கு உங்க நியாயம்” என்று வந்தது. பாராட்டா, குத்தலா?

பதில்: குத்தல். புகழ்வதுபோல் இகழ்வது, வஞ்சப் புகழ்ச்சி. “தேவர் அனையர் கயவர்” என்று தொடங்கும் குறள் இதற்குப் பழைய உதாரணம். நேரில் குரல் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் சொல்வரிசையைப் பாருங்கள். “உங்க சட்டை நல்லா இருக்கு” என்பது பாராட்டின் வழக்கமான வரிசை. “நல்லா இருக்கு உங்க நியாயம்” என்று பயனிலை முன்னால் வந்து, பேச்சின் நடுவில் ஏதோ உரசலும் இருந்தால் சந்தேகப்படலாம். “பெரிய கலெக்டர்”, “மகாராஜா” போன்ற பட்டங்களும் அப்படியே. ஆனால் வரிசை மட்டும் சாட்சியாகாது. “சூப்பரா இருக்கு உங்க சமையல்” உண்மையான பாராட்டாகவே இருக்கலாம். முந்தைய நாலைந்து செய்திகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: “கை கழுவிட்டான்” என்பதில் மரபுத்தொடரை எப்படி உறுதிசெய்வது?

பதில்: நடுவில் ஒரு சொல்லை நுழைத்துப் பாருங்கள். “இடது கையைக் கழுவிட்டான்” என்றதும் கைவிட்ட பொருள் மறைந்து, சோப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும். “கரம் கழுவிட்டான்” என்று சொல்லை மாற்றினாலும் அப்படியே. உருவகம் இவ்வளவு சீக்கிரம் உடையாது.

கேள்வி: வெளிநாட்டில் வளர்ந்த என் ஆறு வயது மகனிடம் பாட்டி “தோலை உரிச்சிடுவேன்” என்றார். பயந்துவிட்டான்.

பதில்: சிரித்துத் தள்ளாதீர்கள், அவனுக்கு அது நேர்ப்பொருள். “பாட்டிக்குக் கோபம், அதைச் செய்யாதேன்னு அர்த்தம்” என்று உடனே நேர்ச்சொல்லில் சொல்லுங்கள். வேறொரு நாள், பயமில்லாத மிகையில் பழக்குங்கள்: “பசி உயிர் போகுது. உயிர் போகுமா, சோறு வேணுமா?” பாட்டியிடமும் தனியாகச் சொல்லிவையுங்கள், கொஞ்ச நாளைக்காவது அந்தச் சொல்லைத் தவிர்க்கட்டும்.

கேள்வி: விளம்பரத்தில் வரும் மிகையைக் கேட்க ஆள் உண்டா?

பதில்: யாரும் நம்பமாட்டார்கள் என்று வெளிப்படையாகத் தெரியும் மிகைக்கு இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் விதிகள் இடம் தருகின்றன. குளிர்பானம் குடித்தவன் வானில் பறக்கலாம். “7 நாளில் 5 கிலோ குறையும்” என்பது அப்படியல்ல. உறுதியான எண், கெடு, நம்பி வாங்க வைக்கும் நோக்கம் மூன்றும் இருப்பதால் அது ஆதாரம் காட்ட வேண்டிய கூற்று. ஆதாரமில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளில் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தைத் தேதியுடன் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். புகாரில் விளம்பர வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் சொல்லுங்கள்.