பெயரை மறைத்தால் போதுமா? டாக்டர்கள், நர்ஸ்களின் கேள்விகளுக்கு மருத்துவ வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரின் பதில்கள்

ஹவுஸ் சர்ஜன், நாகர்கோவில்: சார், கண் இமையில் தூண்டில் முள் ஏறிய ஒரு கேஸ். பெயர் போடாமல், கண்ணை மட்டும் காட்டி இன்ஸ்டாகிராமில் போட்டேன். தப்பா?

பெயர் இல்லை, சரி. ஆனால் கீழே 'குளச்சல், மீனவர், 42 வயது, ஞாயிறு இரவு' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே! அந்தக் கடற்கரையில் யாருக்குத் தெரியாது அது யாரென்று? ஆளை அடையாளம் கண்டுகொள்ளும்படி படம் வெளியிட்டால் அனுமதி வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். கையில் குத்திய பச்சை, கழுத்துச் சிலுவை, எக்ஸ்ரே ஓரத்திலுள்ள ஓ.பி. எண் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆபரேஷனுக்கு வாங்கிய கையெழுத்தை இதற்கு நம்பாதீர்கள். தனியாக எழுதி வாங்குங்கள். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வந்தவர் என்றால் மலையாளத்தில். இப்போதைக்கு அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.

டாக்டர், குலசேகரம்: சமூக ஊடகத்துக்கென்றே 2023-இல் புது விதி வந்ததே?

வந்தது. தேசிய மருத்துவ ஆணையம் அந்த ஆகஸ்டில் கொண்டுவந்து, அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. 2002 விதிகளே திரும்ப நடைமுறைக்கு வந்தன.

கிளினிக் டாக்டர், மார்த்தாண்டம்: ஒருவர் கூகுளில் என்னைப் பற்றி அபாண்டமாக எழுதியிருக்கிறார். அவருடைய சுகர் ரிப்போர்ட்டைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

வேண்டவே வேண்டாம். அவர் வாய் திறந்ததால் உங்கள் ரகசியக் கடமை தீர்ந்துவிடாது. நீதிபதி உத்தரவிட்டால் நீதிமன்றத்தில் சொல்லலாம், கூகுளில் அல்ல. அவர் உங்கள் நோயாளி என்றுகூட ஒப்புக்கொள்ளாமல், 'கிளினிக்கில் நேரில் பேசலாம்' என்று ஒரு வரியோடு நிறுத்துங்கள். கோபம் வரத்தான் செய்யும்; கோபத்தில் தட்டிய பதில்தான் பிறகு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகாராகப் போகும்.

செவிலியர், தக்கலை: போக்சோ வழக்கில் வந்த குழந்தை. தாய் சம்மதித்தால் ஸ்டேட்டஸ் போடலாமா சார்?

கூடாதம்மா. முகம், பள்ளி, ஊர், குடும்பம், எதுவும் வெளியே வரக்கூடாது. விதிவிலக்குத் தருவது சிறப்பு நீதிமன்றம் மட்டுமே, தாய் அல்ல. ஸ்கேன் அறையில் இருப்பவர்களுக்கும் ஒன்று: வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று நீல பலூன், பிங்க் பலூன் காட்டிக் குறிப்பால் சொன்னாலும், கருவின் பாலினத்தைச் சொல்லத் தடைவிதிக்கும் 1994 சட்டப்படி குற்றம்தான்.

தோல் டாக்டர், நாகர்கோவில்: நோயாளிகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். பார்க்கலாமா?

பார்க்கலாம். 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல் வாட்ஸ்அப்பையும் ஏற்கிறது. ஆள் யாரென்று உறுதிசெய்யுங்கள், பதிவு வையுங்கள். அப்புறம், படங்கள் தானாக கேலரியில் சேராதபடி செட்டிங்கை மாற்றுங்கள், வீட்டுப் பிள்ளைகள் கேம் விளையாடும் போன் என்றால் இன்றைக்கே.