கலிஃபோர்னியாவில் கடைகள் மீது வரும் மாற்றுத்திறனாளி வசதி வழக்குகளுக்கு யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா?

வைத்திருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் அங்கே சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறார். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வசதி இல்லை என்று வக்கீல் கடிதம் வந்திருக்கிறதாம். இது எத்தனை பேருக்கு வருகிறது, எதற்காக வருகிறது, எல்லாம் வசூல் வேட்டைதானா என்று கேட்டிருக்கிறார்.

நான் வக்கீல் இல்லை. சான் ஹோசே பக்கம் ஒரு சின்ன வழக்கறிஞர் அலுவலகத்தில் மூன்று வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தேன். நீங்கள் கேட்கும் கணக்குக்குத் தீனி போட்டதே என்னைப் போன்ற ஆட்கள்தான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கணக்கு வைப்பது 'கலிஃபோர்னியா கமிஷன் ஆன் டிஸெபிலிட்டி ஆக்சஸ்', சுருக்கமாக சிசிடிஏ. 2008இல் சட்டம் போட்டு உண்டாக்கிய மாநில ஆணையம். அதற்கு இந்தப் பேரேட்டைக் கொடுத்தது 2012இல் வந்த எஸ்பி 1186 சட்டம். பிசினஸ் லைசென்ஸ் பில்லில் அந்த எண்ணைப் போட்டு சில டாலர் கூடுதலாகப் பிடித்திருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதே சட்டம்தான்.

ஏற்பாடு எளிமையானது. கட்டட வசதிக் குறைபாடு என்று ஒரு வக்கீல் டிமாண்ட் லெட்டர், அதாவது உங்களுக்கு வந்தது மாதிரி கோரிக்கைக் கடிதம், அனுப்பினாலோ, கோர்ட்டில் வழக்குப் போட்டாலோ, ஐந்து வேலை நாளுக்குள் அதன் நகலை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் கேஸ் சமரசமாகவோ தீர்ப்பாகவோ தள்ளுபடியாகவோ முடிந்தால், அந்த முடிவையும் ஐந்து வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். குறை சரிசெய்யப்பட்டதா, யார் பக்கம் சாதகமாக முடிந்தது என்றெல்லாம் கேட்பார்கள். அனுப்பாவிட்டால் வக்கீல் மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம். ஆணையம் எல்லாவற்றையும் தொகுத்து, அதிகம் புகார் வரும் பத்துக் குறைகள் எவை என்று தன் தளத்தில் போடுகிறது. வருஷா வருஷம் ஜனவரி 31க்குள் சட்டமன்றத்துக்கும் அறிக்கை போகிறது.

இதில் என் வேலை, மனுவைப் படித்து அதில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு குறைக்கும் ஆணையத்தின் பட்டியலிலிருந்து பொருத்தமான வகையைத் தேர்ந்தெடுப்பது. கேட்க லேசாக இருக்கும். ஒரு மனுவில் 'வேன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கோடுகள் அழிந்து கிடக்கின்றன' என்று இருந்தது. நாற்காலியை இறக்க கார் பக்கத்தில் சாய்கோடு போட்டு ஒரு இடம் விடுவார்களே, அதைத்தான் சொல்கிறார்கள். இதை 'இறங்குமிடமே இல்லை' என்று போடுவதா, 'இறங்குமிடத்தில் அடையாளம் சரியில்லை' என்று போடுவதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேஜையில் இன்னும் ஆறு மனு இருக்கிறது. வக்கீலைக் கேட்டால் "எதையாவது போடும்மா" என்பார். நான் போட்டதுதான் புள்ளிவிவரம். அடுத்த வருஷம் அறிக்கையில் சதவீதமாக வந்து நிற்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இன்னொன்றும் முக்கியம். அங்கே எண்ணப்படுவது குற்றச்சாட்டு. யாரும் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அளந்து பார்த்துவிட்டு எண்ணுவதில்லை. பல மனுக்கள் ஒரே அச்சில் வார்த்தவை. கடைப் பெயரும் தேதியும்தான் மாறும். அதே பத்தி நாற்பது மனுவில் வந்தால் கணக்கில் நாற்பது.

இத்தனை ஓட்டை இருந்தும் அந்தக் கணக்கு ஒரு பெரிய காரியம் செய்தது. 2012 முதல் 2014 வரை தாக்கலான வழக்குகளில் 54 சதவீதத்தைப் போட்டது இரண்டே இரண்டு வழக்கறிஞர் நிறுவனங்கள் என்று ஆணையத்தின் தகவல் காட்டியது. 46 சதவீத வழக்குகளுக்கு வாதிகள் மொத்தம் 14 பேர். அதுவரை கடைக்காரர்கள் வெறுமனே புலம்பிக்கொண்டிருந்த விஷயம் இப்படி எண்ணாக வந்ததும், 2015இல் ஏபி 1521 என்ற சட்டம் வந்தது. பன்னிரண்டு மாதத்தில் பத்தோ அதற்கு மேலோ வழக்குப் போட்டவர் 'அடிக்கடி வழக்காடுபவர்'. அவர் மாநில கோர்ட்டில் வழக்குப் போட்டால் கூடுதலாக 1,000 டாலர் கட்ட வேண்டும். இதுவரை எத்தனை வழக்குப் போட்டிருக்கிறார், அந்தப் பக்கம் எதற்காகப் போனார் என்பதையும் மனுவிலேயே எழுத வேண்டும். மேலே சொன்ன சதவீதங்கள் அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கின்றன.

இப்படி வழக்குப் போடுகிறவர்கள் விடுவார்களா? மாநில கோர்ட்டை விட்டு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே இந்தக் கூடுதல் கட்டணம் கிடையாது. 1990ஆம் வருஷத்து ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய சட்டத்தில் தனியார் வாதிக்கு நஷ்டஈடு இல்லை. குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், வக்கீல் செலவு கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் கலிஃபோர்னியாவின் அன்ரூ சட்டத்தில் ஒவ்வொரு தடவைக்கும் குறைந்தது 4,000 டாலர் நஷ்டஈடு. இரண்டையும் ஒரே மனுவில் கட்டிக்கொண்டு போனார்கள். 2021இலும் 2022இலும் ஒன்பதாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட் கொடுத்த தீர்ப்புகளுக்குப் பிறகு, மாநிலச் சட்டப் பகுதியைக் கையில் எடுக்க ஃபெடரல் நீதிபதிகள் தயங்கினார்கள். வழக்குகள் மறுபடி மாநில கோர்ட்டுக்குத் திரும்பின. ஆணையத்தின் அறிக்கையில் மாநிலம், ஃபெடரல், டிமாண்ட் லெட்டர் என்று தனித்தனியாகப் பிரித்துப் போடுவார்கள். ஏதோ ஒரு வருஷத்துக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு 'வழக்கு குறைந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்துக் கட்டத்தையும் பாருங்கள்.

சரி, வசூல் வேட்டைதானா? ஓரளவு ஆமாம். ஆனால் அந்தக் கணக்கை வைத்து அதை முழுசாகச் சொல்லிவிட முடியாது. வக்கீல் இல்லாமல் தானே வழக்குப் போடுபவர் இந்தக் கணக்கில் வரமாட்டார், நகல் அனுப்பும் கடமை வக்கீலுக்குத்தான். வழக்கே போடாதவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

என் மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது ஒரு மளிகைக் கடைக்குக் கூட்டிப் போனோம். பக்கவாதம் வந்தவர், சக்கர நாற்காலி. மாற்றுத்திறனாளிகளுக்கான நீலக் கட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால், பக்கத்தில் அந்தச் சாய்கோட்டு இடம் முழுக்கத் தள்ளுவண்டிகளைக் கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். அதன் மேல் இரண்டு அரிசி மூட்டை. கதவைத் திறந்தால் நாற்காலியை விரிக்க இடமில்லை. அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்" என்றார். முக்கால் மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷம் இதே குறைக்கு வகை தேர்ந்தெடுத்துக் கொடுத்த நானும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டமாக இருந்தது, நம்ம ஆள் வேறு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கடிதத்தைப் படித்து, அதில் இவ்வளவு டாலர் கொடு என்று தொகை கேட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டட வசதி டிமாண்ட் லெட்டரில் வக்கீல் பணம் கேட்கக் கூடாது என்பதும் எஸ்பி 1186தான். கேட்டிருந்தால் உங்கள் வக்கீலிடம் அதை முதலில் சொல்லுங்கள். அடுத்து, 'காஸ்ப்' என்று மாநிலம் சான்றளித்த அணுகல் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிட்டு கடையைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னமே காஸ்ப் ஆய்வு செய்த இடமாக இருந்து, வழக்கு வந்த 60 நாளுக்குள் குறையைச் சரிசெய்தால் அந்த 4,000 டாலர் 1,000 ஆகக் குறையலாம். 25 பேரோ அதற்குக் குறைவாகவோ வேலை செய்யும் கடை 30 நாளுக்குள் சரிசெய்தால் 2,000. நிபந்தனைகள் உண்டு, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆணையத்தின் பத்துக் குறைப் பட்டியலை இறக்கி, அதை வைத்துக் கடையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். உள்ளே போகுமுன் பார்க்கிங்கிலேயே பாதி வந்துவிடும். பில் கவுன்ட்டரில் தாழ்வான பகுதி 34 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த உயரத்தில் இருந்தாலும் அதன் மேல் மிட்டாய் டப்பா அடுக்கியிருந்தால் பிரயோஜனமில்லை. கழுவும் தொட்டிக்கு மேல் இருக்கும் கண்ணாடியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 40 அங்குலத்துக்குள். வெளியே சாய்கோட்டு இடத்தில் 'நோ பார்க்கிங்' எழுத்து 12 அங்குல உயரம் இருக்க வேண்டும். மங்கியிருந்தால் பெயின்ட் அடித்துவிடுங்கள். அடிக்குமுன் தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து உங்கள் வக்கீலுக்கு அனுப்பிவிட்டு அடியுங்கள்.